காலிக் கோட்டை: ஒரு நாள் போதுமா? அம்மாவுக்கு முழங்கால் வலி, பையனுக்கு கிரிக்கெட்

மதுரை_வாசு:

வணக்கம். ஜனவரி கடைசி வாரம் குடும்பத்தோடு இலங்கை வருகிறோம். நான், மனைவி, பத்து வயதுப் பையன், எழுபதைத் தாண்டிய அம்மா. கொழும்பில் மூன்று இரவு தங்குகிறோம். அதில் ஒரு நாள் காலிக் கோட்டை. முகவர் அனுப்பிய அட்டவணை இது: காலை 7.30க்கு வேனில் கிளம்பி, வழியில் ஆமைப் பண்ணை, மசாலாத் தோட்டம், 11.30க்குக் கோட்டை, 1 மணிக்குச் சாப்பாடு, 3 மணிக்குத் திரும்புதல்.

கோட்டைக்கு மூன்றரை மணி நேரம் போதுமா? மதில் மேல் நடப்பதுதான் அழகு என்கிறார்கள், முழங்கால் வலி உள்ளவர் ஏற முடியுமா? அம்மா சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. பையனுக்குக் காலி கிரிக்கெட் மைதானத்தைப் பார்க்க வேண்டும். வேனை விட்டு ரயிலில் வரலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெள்ளவத்தை_ரவி:

முதலில் அந்த அட்டவணையைத் தூக்கிப் போடுங்கள். 11.30 முதல் 3 வரை என்பது காலி மதிலில் நிற்கவே கூடாத நேரம். மேலே நிழலுக்கு ஒரு மரமில்லை. கடற்காற்று அடிப்பதால் வெயில் உறைக்காது. கீழே இறங்கித் தண்ணீர் குடிக்கும்போதுதான் தலை சுற்றும். பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் இதுதான் நடக்கிறது. முகவர்கள் ஏன் இப்படிப் போடுகிறார்கள் என்றால், சாரதி அன்றே கொழும்பு திரும்ப வேண்டும், வழியில் நிற்கிற இடங்களில் தரகு கிடைக்கும். கோட்டை அவர்களுக்குச் சாப்பாட்டு இடைவேளை, அவ்வளவுதான்.

கோட்டைக்குள் பொழுதைச் சூரியனைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். ஜனவரி இறுதியில் காலை ஆறரை அளவில் விடியும். அப்போதிருந்து ஒன்பது மணி வரை மதில். ஒன்பதரையிலிருந்து நாலு வரை உள்ளே: தேவாலயம், அருங்காட்சியகம், கடைகள், ஓட்டுத் தாழ்வாரம் நிழல் தரும் வீதிகள். நாலரையிலிருந்து இருட்டும் வரை மறுபடி மதில். அஸ்தமனம் 6.15ஐ ஒட்டி இருக்கும், ஐந்தே முக்காலுக்கு மேற்கு மதிலில் இடம் பிடித்துவிடுங்கள்.

ஆகவே கொழும்பு இரவுகளில் ஒன்றை வெட்டி, காலியில் ஒரு இரவு தங்குவதுதான் என் யோசனை. முடியாதென்றால் அட்டவணையைத் தள்ளிப் போடுங்கள்: பகல் இரண்டு, இரண்டரைக்குக் கோட்டை, ஏழு மணிக்கு அதிவேகப் பாதையால் திரும்புதல். ஆமைப் பண்ணையை வெட்டுங்கள். மசாலாத் தோட்டத்தை நிச்சயமாக வெட்டுங்கள்.

கோட்டைக்குள் போகக் கட்டணம் கிடையாது. வாசலில் யாராவது "டிக்கெட்" என்றாலோ, "இன்று மதில் மூடியிருக்கிறது, நான் வேறு வழி காட்டுகிறேன்" என்றாலோ நிற்காமல் நடந்துவிடுங்கள். அருங்காட்சியகங்களுக்கு மட்டும்தான் டிக்கெட். வெளிநாட்டவருக்கு அங்கே தனி விலை.

அம்மா விஷயம். சுற்று முழுவதும் அவர் நடக்கத் தேவையில்லை. மணிக்கூட்டுக் கோபுரப் பக்கம்தான் ஏற்றம், வேண்டாம். தெற்கிலும் மேற்கிலும் வீதியிலிருந்து புல்மேடு சரிவாகவே மதிலுக்கு ஏறுகிறது. ஆட்டோவை வெளிச்சவீட்டடியில் நிறுத்தினால் கடல் கண்முன்னே. அங்கிருந்து கொடிப்பாறைக் கொத்தளம் வரை மெல்ல நடக்கலாம். மாலையில் ரம்பார்ட் வீதியில் இறக்கிவிட்டால் அஸ்தமனமும் ஆயிற்று. மேற்கு மதிலில் பல இடங்களில் கைப்பிடிச் சுவர் இல்லை, அந்தப் பக்கம் நேரே பாறை. பையனை ஓட விடாதீர்கள். மழை பெய்து ஓய்ந்த நேரம் பாசி வழுக்கும். இருட்டிய பிறகு மேலே வெளிச்சமும் போதாது, கைபேசி விளக்கோடு இறங்குங்கள்.

கல்தச்சன்:

ரவி நேரத்தைச் சொல்லிவிட்டார். எதைப் பார்ப்பது என்று நான் சொல்கிறேன். பெரும்பாலானோர் வெளிச்சவீட்டுக்கு முன்னால் படம் எடுத்துவிட்டுக் கோட்டை பார்த்தாயிற்று என்கிறார்கள். கோட்டையின் புத்தி இருப்பது நேர் எதிர்ப்பக்கம், நிலத்தைப் பார்த்த வடக்கு மதிலில்.

கடல் பக்கம் மூன்றிலும் பாறைகளே காவல். எதிரிக் கப்பல் மதிலை நெருங்கினால் அடி கிழியும். ஆகவே தாக்குதல் வரக்கூடிய ஒரே வழி வடக்கே உள்ள குறுகிய தரைக்கழுத்து. போர்த்துக்கேயர் 1588 அளவில் அங்கேதான் முதலில் அரண் கட்டினார்கள். 1640இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) பிடித்த பிறகு அதை மூன்று பெரும் கொத்தளங்களாக்கினார்கள்: கிழக்கே சூரியன், நடுவில் சந்திரன், மேற்கே நட்சத்திரம். சந்திரக் கொத்தளத்தில் நின்று இடமும் வலமும் பாருங்கள். ஒரு கொத்தளத்தின் பக்கவாட்டிலிருந்து சுட்டால் அடுத்ததன் அடிவாரம் முழுக்கக் குண்டுக்கு எட்டும். சுவரடியில் ஒளிந்துகொள்ள ஒரு மூலைகூட மிஞ்சாது. கொத்தளம் முக்கோணமாகத் துருத்திக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான். அதே இடத்தில் இருக்கும் மணிக்கூட்டுக் கோபுரம் 1883இல் வந்தது, காலியில் பேர்பெற்ற மருத்துவர் பீட்டர் டானியல் அந்தோனிஸின் நினைவாக. கோட்டையோடு ஒப்பிட்டால் நேற்றுப் பிறந்தது.

நீங்கள் நுழையும் பெரிய வாசலும் அப்படியே. ஆங்கிலேயர் 1873இல் மதிலை உடைத்துத் திறந்தது. உண்மையான பழைய வாசல் கிழக்கே, துறைமுகப் பக்கம் இருக்கிறது. அதை இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். வெளிப்புறம் பிரித்தானிய அரச சின்னம். உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால் ஒல்லாந்துக் கம்பனியின் வி.ஓ.சி. எழுத்துகள், இரு சிங்கங்கள், உச்சியில் ஒரு சேவல், 1669 என்ற ஆண்டு. (தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்ட நம் வ.உ.சி.க்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வரும் தமிழ்க் குழு ஒவ்வொன்றிலும் ஒருவராவது கேட்கிறார்.) வாசலை ஒட்டி நீளமாகக் கிடக்கும் கட்டடம் ஒல்லாந்தர் பண்டகசாலை. கறுவா (பட்டை) மணந்த இடத்தில் இப்போது கடல்சார் தொல்லியல் அருங்காட்சியகம். 1659இல் இந்தத் துறைமுகத்திலேயே மூழ்கிய அவொன்ட்ஸ்டர் என்ற ஒல்லாந்துக் கப்பலின் அகழ்வுப் பொருட்களைத் தேடிப் பாருங்கள். 2004 ஆழிப்பேரலை அந்த அகழ்வுக் குழுவின் பாதுகாப்புக் கூடத்தையே அடித்துக்கொண்டு போனது. கடலடியில் 340 ஆண்டுக்கு மேல் தாங்கிய பொருட்களில் சில கரையில் அழிந்தன.

அதே அலையில் கோட்டைக்கு வெளியே பஸ் நிலையமும் மைதானமும் நாசமாகின. மதிலுக்குள் ஊர் பெரும்பாலும் தப்பியது.

காலை நடைக்கு வழி: சந்திரனில் தொடங்கி மேற்கே நட்சத்திரம், அங்கிருந்து தெற்கே திரும்பி இயோலஸ், கிளிப்பன்பர்க், நெப்டியூன், திரைட்டன், கொடிப்பாறை, பிறகு கிழக்கே உட்ரெக்ட் முனை, ஒரோரா, அக்கர்ஸ்லூட். நிதானமாக ஒன்றரை மணி நேரம். இந்தத் திசையில் போனால் காலை வெயில் முதல் பாதியில் முகத்தில் அடிக்காது. நட்சத்திரத்துக்கும் இயோலஸுக்கும் இடையே உட்பக்கம் இராணுவ முகாம், அங்கே கேமராவைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். துறைமுகத்தில் கடற்படைத் தளமும் இருக்கிறது. டிரோன் கொண்டுவரும் எண்ணம் இருந்தால், முன் அனுமதி இல்லாமல் பெட்டியை விட்டு எடுக்காதீர்கள்.

திரைட்டனில் ஒரு காலத்தில் காற்றாலை இருந்தது. கடல்நீரை ஏற்றி வீதிப் புழுதிக்குத் தெளித்தார்கள். கழிவுக்கும் கடலைத்தான் வேலை வாங்கினார்கள்: வீதிகளுக்கடியில் செங்கல் கட்டிய வாய்க்கால்கள், ஏற்றத்தில் உள்ளே வரும் நீர் வற்றத்தில் அழுக்கை இழுத்துக்கொண்டு போகும்படி வாட்டம் பிடித்தவை.

கொடிப்பாறை தென்முனை. உள்ளே வரும் கப்பல்களுக்குப் பாறை இருக்கும் இடத்தை இங்கிருந்து சமிக்ஞை காட்டி எச்சரித்தார்கள். அவ்வளவு பாடுபட்டும் பல கப்பல்கள் போயின, 1871இல் ரங்கூன் என்ற நீராவிக் கப்பல் உட்பட. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கொழும்பில் அலைதடுப்புச் சுவர் கட்டிப் பாதுகாப்பான துறைமுகம் தந்ததும் கப்பல்கள் காலியை விட்டுப் போய்விட்டன. பணம் போனதால் இடித்துக் கட்ட ஆளில்லை. 1988இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறும் அளவுக்கு ஊர் மாறாமல் கிடந்ததற்கு அந்த வறுமைக்கும் பங்குண்டு.

உட்ரெக்ட் முனையில் வெளிச்சவீடு, 26.5 மீட்டர், 1939இல் கட்டியது. உள்ளே ஏற விடமாட்டார்கள், கேட்டு நேரம் கழிக்க வேண்டாம். எதிரே வெள்ளையாக, தேவாலயம் போல முகப்போடு நிற்பது மீரான் ஜும்மா பள்ளிவாசல், இப்போதுள்ள கட்டடம் 1904. தொழுகை இல்லாத நேரத்தில் செருப்பைக் கழற்றி, தோளும் முழங்காலும் மூடி, அனுமதி கேட்டுப் போகலாம். வெள்ளி மதியம் கூடாது.

உள்ளே ஒரே ஒரு கட்டடத்துக்குத்தான் நேரமிருக்கிறது என்றால் சேர்ச் வீதியிலுள்ள ஒல்லாந்தர் சீர்திருத்தத் தேவாலயம், 1755. நடுவே தூணே இல்லாத கூடம். தரை முழுக்கக் கல்லறைக் கற்கள், பழைய இடுகாடுகளிலிருந்து கொண்டுவந்து பதித்தவை. மண்டையோடும் மணற்கடிகாரமும் செதுக்கியவற்றைப் பையன் எண்ணட்டும். ஞாயிறு காலை ஆராதனை நேரத்தைத் தவிருங்கள்.

மதுரை_வாசு:

மிக்க நன்றி. ஒரு இரவு தங்குவதென்று முடிவு செய்துவிட்டோம், முகவரிடமும் சொல்லியாயிற்று. அப்படியானால் ரயிலா, பஸ்ஸா? கோட்டைக்கு உள்ளே தங்கலா, வெளியிலா? சைவச் சாப்பாடு பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை.

தண்டவாளம்:

போகும்போது ரயில், திரும்பும்போது பஸ் அல்லது வாடகைக் கார். இதுதான் சரி.

கொழும்பு கோட்டை நிலையத்திலிருந்து காலிக்கு விரைவு வண்டி இரண்டரை மணி நேரம் அளவில். டிக்கெட் வாங்கும்போது "காலி" என்று மட்டும் சொல்லுங்கள். இங்கே கொழும்பு நிலையத்துக்குத்தான் "கோட்டை" என்று பெயர், "கோட்டைக்கு நாலு டிக்கெட்" என்றால் சாளரத்தில் இருப்பவர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். தெற்கே போகும்போது கடல் வலப்பக்கம். கொள்ளுப்பிட்டியை நெருங்கியதும் தண்டவாளம் கடலோரத்திலேயே ஓடும்.

முன்பதிவு செய்த இருக்கை கிடைத்தால் வாங்குங்கள். இல்லையென்றால் மருதானைக்குப் போய் ஏறுங்கள். கரையோர வண்டிகள் பல அங்கிருந்துதான் புறப்படுகின்றன. அடுத்த நிலையமான கோட்டைக்கு வரும்போதே உட்கார இடமிருக்காது. வெள்ளி மாலையும் நீண்ட விடுமுறை தொடங்கும் காலையும் அம்மாவோடு ஏறவே வேண்டாம். வழியில் ஒரு பகுதி ஒற்றைத் தடம், எதிர் வண்டிக்காக நிற்கும். அரை மணித் தாமதத்தைக் கணக்கில் வைத்துத் திட்டம் போடுங்கள். பெட்டியின் படி உயரம், மேடை சில இடங்களில் தாழ்வு. அம்மாவை ஒருவர் மேலிருந்தும் ஒருவர் கீழிருந்தும் பிடிக்க வேண்டியிருக்கும்.

இறங்கியதும் நிலையத்திலிருந்து பெரிய வாசல் பத்து நிமிட நடைதான்: பஸ் நிலையம், மைதானம், மதில், எல்லாம் கண்ணுக்கு நேரே தெரியும். "ரொம்பத் தூரம்" என்று ஆட்டோக்காரர் சொன்னால் அது அம்மாவுக்கும் பெட்டிகளுக்கும் மட்டும் பொருந்தும். பிக்மீ செயலியில் அழைத்தால் விலைப்பேச்சு மிச்சம்.

திரும்ப: காலி பஸ் நிலையத்திலிருந்து அதிவேகப் பாதைக் குளிர்சாதன பஸ், மாகும்புர வரை ஒன்றரை மணிக்குள். ஆனால் மாகும்புர கொழும்பின் புறநகர், அங்கிருந்து ஊருக்குள் வர மாலை நெரிசலில் இன்னொரு மணி நேரம் போகலாம். பெரிய பெட்டிக்கு பஸ்ஸில் இடம் குறைவு. நான்கு பேர், பெட்டி, முழங்கால் வலி என்றால் காருக்குக் கொடுக்கிற காசு வீணில்லை. நேரே கட்டுநாயக்க விமான நிலையம் போவதென்றாலும் அதிவேகப் பாதையாலேயே போய்விடலாம், கொழும்புக்குள் நுழைய வேண்டாம்.

ரேந்தைக்காரி:

சாப்பாட்டுக்கு நான் வருகிறேன். அம்மா விஷயத்தில் கவனிக்க வேண்டியது இறைச்சி அல்ல, மாசி. மாலைதீவிலிருந்து வரும் உலர்ந்த சூரை மீன், இடித்துத் தூளாகத்தான் போடுவார்கள். தேங்காய்ச் சம்பலில் இருக்கும், சீனிச் சம்பலில் இருக்கும், பருப்பிலும் பயற்றங்காய்க் கறியிலும்கூட ஒரு கிள்ளு விழுந்திருக்கும். சமைப்பவருக்கு அது மீனாகவே படாது, "மரக்கறிதான்" என்று மனசாரச் சொல்வார். எனவே "சைவமா?" என்று கேட்காதீர்கள். "மாசி போட்டதா?" என்று கேளுங்கள். சிங்களத்தில் "உம்பலகட எபா" என்றால் புரியும், மாசி வேண்டாம் என்று பொருள். "பித்தற எபா" முட்டைக்கு.

கோட்டைக்குள் பல வீடுகள் முஸ்லிம் குடும்பங்கள், வீட்டில் பேசுவது தமிழ். சின்னக் கடைகளில் தமிழிலேயே கேட்கலாம். அவர்கள் பேச்சு உங்களுக்கு முதல் ஐந்து நிமிடம் வேகமாக இருக்கும், பிறகு சரியாகிவிடும். பாதுகாப்பான தெரிவு: காலையில் இடியாப்பம், சொதி, உடன் அரைத்த மாசி இல்லாத சம்பல். பகலில் சோறு கறி. மரக்கறி நாலைந்து வரும், பலாக்காயோ வாழைப்பூவோ அகப்பட்டால் விடாதீர்கள். சோறு கறி பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் நடுவில்தான் நன்றாக இருக்கும். மூன்று மணிக்குப் போனால் மிச்சம்தான், இல்லையென்றால் கொத்து ரொட்டி. எருமைத் தயிரும் கித்துள் பாணியும் (கூந்தற்பனைப் பாகு) சட்டியோடு கேளுங்கள். நீங்கள் மீன் சாப்பிடுவீர்கள் என்றால் அம்புல்தியல்: சூரை மீனைக் கொறக்காப்புளி (குடம்புளி), மிளகில் நீர் வற்றக் கருக்கிய தெற்குக் கறி. இரண்டு நாள் கெடாது. உள்ளே உள்ள அழகான உணவகங்களில் பட்டியல் விலைக்கு மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம் ஏறும், பார்த்து ஆர்டர் செய்யுங்கள். பஸ் நிலையத்தையும் சந்தையையும் ஒட்டிய கடைகளில் பாதி விலைகூட வராது.

பகல் வெயிலில் வீதிகள். லெய்ன் பான் வீதி, பெட்லர் வீதி, சேர்ச் வீதி மூன்றும் கடைகள். பரவா வீதி என்றொரு சின்ன வீதி இருக்கிறது, முத்துக்குளித்துறைப் பரவர்களின் பெயரில். பழைய ஒல்லாந்தர் மருத்துவமனை நீண்ட தூண் தாழ்வாரம் கொண்டது. இப்போது உணவகங்களும் கடைகளும். அம்மா உட்கார, முகம் கழுவ, கடலைப் பார்க்க நல்ல இடம். நீதிமன்றச் சதுக்கத்தில் பெரிய ஆலமரங்கள், வார நாளில் கறுப்புக் கோட்டு வழக்கறிஞர்கள் கூட்டம். மர நிழலில் இருக்கலாம், நீதிமன்றத்துக்குள் படம் எடுக்கக் கூடாது.

வாங்குவதற்கு இந்த ஊர்ச் சரக்கு என்றால் பீரலு ரேந்தை, அதாவது கையால் பின்னும் லேஸ். தலையணை மேல் குண்டூசி குத்தி, மரக்கட்டைகளில் நூல் சுற்றி, கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. கடைகளில் இயந்திர ரேந்தையையும் அதே பெயரில் விற்கிறார்கள். திருப்பிப் பாருங்கள்: கைவேலையில் பின்பக்கம் நூல் சேர்த்த சிறு முடிச்சுகள் தெரியும், பூக்கள் ஒன்றுக்கொன்று மயிரிழை மாறும். எல்லாம் அச்சில் வார்த்தது போல இருந்தால் மீட்டர் கணக்கில் வந்த சரக்கு. வேலை நடப்பதை நேரில் காட்டும் கடையில் வாங்குவது நல்லது. ஒரு விரல் அகலத் துண்டுக்கே ஒரு நாள் போகும், அதை நினைத்துப் பேரம் பேசுங்கள்.

இரத்தினக் கல் வேண்டாம், தயவு செய்து. "இன்று மட்டும் அரசு விலைச் சந்தை" என்று அழைத்துப் போகும் ஆட்டோவில் ஏறவே ஏறாதீர்கள், அப்படி ஒன்று கிடையாது. செயற்கை நீலக்கல்லும் கண்ணாடியும் வெறுங்கண்ணுக்குப் பிடிபடாது. ஆய்வகச் சான்று இல்லாமல் வாங்கினால் கல் வாங்கியதாக நினைக்காதீர்கள், நிறம் வாங்கினீர்கள்.

உனவட்டுன_பக்கம்:

தங்கல் பற்றி: கோட்டைக்குள் இரவு அழகுதான், ஆனால் ஜனவரி உச்சக் காலம். ஜனவரி, பிப்ரவரியை ஒட்டி இலக்கிய விழா வேறு வரும், அந்த நாட்களில் உள்ளே அறை விலை நெருப்பு. முதலில் விழா தேதியைப் பாருங்கள். பழைய வீடுகளை மாற்றிய விடுதிகளில் மாடிப்படி செங்குத்து, "கீழ்த்தளம், உள்ளேயே குளியலறை" என்று எழுதி வாங்குங்கள். சந்துகள் குறுகல், பெரிய வேன் வாசல் வரை வராது.

பட்ஜெட் இடித்தால் 5, 6 கிலோமீட்டர் தெற்கே உனவட்டுன. குளிக்க அங்கேதான் நல்லது. கோட்டைக்குள் வெளிச்சவீட்டுக்குக் கிழக்கே படி இறங்கினால் குட்டிக் கடற்கரை ஒன்று உண்டு. பிற்பகலில் மதில் நிழல் விழும், ஜனவரியில் அலை சாது. பையன் கால் நனைக்கப் போதும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று, அப்போது அதுவும் ஆகாது.

ரவி சொன்னதில் ஒரு இடத்தில் மட்டும் உடன்பாடில்லை. அஸ்தமனத்துக்குக் கொடிப்பாறைப் பக்கம் போகாதீர்கள். அங்கே மதிலிலிருந்து கடலில் குதித்துக் காசு கேட்கும் பையன்களைச் சுற்றிக் கூட்டம் நெருக்கும். அவர்களுக்குப் பாறை இடுக்கு மனப்பாடம், நம் பிள்ளைகள் பார்த்துவிட்டு ஓரத்துக்குப் போவார்கள். நெப்டியூன், கிளிப்பன்பர்க் பக்கம் அதே சூரியன், கால்வாசிக் கூட்டம்.

மைதானம்: சந்திரக் கொத்தளத்திலிருந்து முழுசாகத் தெரியும். டெஸ்ட் நடந்தால் மதில் மேல் நின்றே ஓசியில் பார்க்கலாம், சில ஆட்டங்களில் அந்தப் பகுதியைக் காவலர் தடுப்பதும் உண்டு. முரளிதரன் 800ஆவது விக்கெட்டை எடுத்த மைதானம் இதுதான், 2010 ஜூலை, இந்தியாவுக்கு எதிராக, அவர் டெஸ்டில் வீசிய கடைசிப் பந்தில். ஆட்டமிழந்தவர் ஓஜா, பிடித்தவர் மகேல. பையனுக்கு இது ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

வெள்ளவத்தை_ரவி:

அஸ்தமனம் பற்றிச் சொன்னது சரி, நான் அம்மாவின் காலை மட்டும் யோசித்தேன். ரம்பார்ட் வீதியில் இறங்கினால் நெப்டியூனும் பக்கம்தான்.

தமிழர்கள் காலிக்கு வந்து தவறவிடும் ஒன்றைச் சேர்க்கிறேன். அது காலியில் இல்லை, அதனால்தான் தவறுகிறது. 1911இல் இந்த ஊரில் ஒரு வடிகால் மேல் மூடுபலகையாகக் கிடந்த கல்லைப் பொறியாளர் ஒருவர் கண்டெடுத்தார். சீனத் தளபதி செங் ஹ கொண்டுவந்த மும்மொழிக் கல்வெட்டு அது: சீனம், தமிழ், பாரசீகம். தேதி 1409. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது, பாரசீகப் பகுதி இஸ்லாமிய மரபில் இறைவனைப் போற்றுகிறது, தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாரை, அதாவது தேவேந்திரமுனைத் திருமாலை. காணிக்கைப் பட்டியலில் ஆயிரம் பொன்னும் ஐயாயிரம் வெள்ளியும் வருகின்றன. கல் இப்போது கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில். காலிக்குக் கிளம்பும் முன் கொழும்பிலேயே பார்த்துவிடுங்கள். எழுத்து தேய்ந்திருக்கிறது, பக்கவாட்டில் வெளிச்சம் விழும் கோணத்தில் நின்றால் தமிழ் வரிகள் சில பிடிபடும். பொது விடுமுறையில் அருங்காட்சியகம் மூடியிருக்கும். முழுநிலா நாளான போயாவும் பொது விடுமுறைதான், உங்கள் வாரத்தில் விழுகிறதா என்று நாட்காட்டி பாருங்கள். போயாவன்று மதுவும் விற்கமாட்டார்கள்.

அந்த நாயனார் கோயில் இருந்த ஊர், தேவேந்திரமுனை, மாத்தறைக்கு அப்பால் 6 கிலோமீட்டர். இபின் பதூதா 1344இல் பார்த்து எழுதியிருக்கிறார், அடுத்து அவர் வந்தது காலிக்கு. 1588இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தார்கள். இன்று அங்கே விகாரையும் நீல வண்ணம் பூசிய விஷ்ணு தேவாலயமும் உண்டு. பழைய தமிழ்க் கோயிலை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம். அந்தக் கல்லைப் படித்துவிட்டுப் போனால் அந்த இடம் வேறுமாதிரி இருக்கும். அம்மா திருமால் பக்தை என்றால் இரண்டாம் நாள் காலையில் மதில் நடையை நீங்கள் முடித்ததும், எட்டரைக்குக் கிளம்பி அரை நாளில் போய்வரலாம்.

மதுரை_வாசு:

அம்மாவிடம் சொன்னேன், கோட்டையை விட இதற்குத்தான் ஆர்வம். காலியிலிருந்து தேவேந்திரமுனைக்கும் ரயிலா?

தண்டவாளம்:

மாத்தறை வரை ரயில், பிறகு ஆட்டோ. காலி நிலையம் முட்டுச்சந்து போன்றது. கொழும்பிலிருந்து வரும் வண்டி அங்கே இஞ்சினை மறுமுனைக்கு மாற்றிக்கொண்டு, வந்த பக்கமாகவே வெளியேறி மாத்தறைக்குத் திரும்பும். அதனால் இருக்கைகள் பின்னோக்கியவையாகிவிடும். கொழும்பிலிருந்து வந்தவர்கள் இறங்கும் அந்த இடைவெளியில் ஏறினால் இடம் கிடைக்கும். ஆனால் அரை நாளில் முடிக்க வேண்டுமென்றால் ரயில் நேரம் ஒத்துவராது. ஆட்டோ அவ்வளவு தூரத்துக்கு அம்மாவின் முழங்காலுக்கு ஆகாது, கார் பேசிக்கொள்ளுங்கள். போய்வர, அங்கே ஒரு மணி நேரம் காத்திருக்க என்று மொத்தமாக விலை பேசுங்கள். வழியில் கொக்கல பக்கம் கடலில் கம்பத்தின் மேல் அமர்ந்து மீன்பிடிப்பவர்களைப் படமெடுக்கக் கார் நின்றால், கேமராவை வெளியே எடுக்கும் முன் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். எடுத்த பிறகு கேட்டால் விலை அவர்கள் வைத்ததுதான்.